துணியின் எடை கேட்ட பெண்

அக்கா,

இன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் யாரோ கொள்ளுப்பருப்பு டப்பாவைத் திறந்தார்கள். ஐயோ, அந்த வாசம்! நீங்கள் போய்ச் சேர்ந்ததையே மறந்து, உங்கள் டப்பாதான் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன். என் டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இங்கிலீஷ், நான் கெமிஸ்ட்ரி. உங்கள் வகுப்பில் பிள்ளைகள் பேனாவை மூடிவைத்துவிட்டு, பாடத்தை வீட்டில் கதை சொல்வதுபோல் முதலில் வாயால் சொல்வார்கள். அப்புறம்தான் எழுத்து. அதைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் செய்தேன். கணக்கைச் சொல்லச் சொன்னால் கேள்வியையே கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தார்கள். "உங்க வித்தை எனக்கு ஆகாதுங்க்கா" என்று உங்களிடமே வந்து எரிந்து விழுந்தேன். "என் ஜாக்கெட்ட அப்படியே போட்டா உங்களுக்கு எப்படிங்க சேரும்? பிரிச்சுத் தெச்சுல்ல போடோணும்" என்று சிரித்தீர்கள். மறுநாளே என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தீர்கள்.

அன்று மாட்டியவள் தேவி. ஏற்கெனவே ஃபெயிலானவள். மறுபடி அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்திப் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். இரண்டு சதவீத உப்புக் கரைசல் ஐந்நூறு மில்லி வேண்டும், உப்பு எவ்வளவு என்று கேட்டேன்.

"துணி எத்தன கிலோங்க மிஸ்?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீங்கள்தான் எழுந்து, "துணி எதுக்குக் கண்ணு?" என்று கேட்டீர்கள்.

"எங்கப்பா வேல செய்யற சாயப்பட்டறைல ரெண்டு பர்சென்ட்டுன்னா, நூறு கிலோ துணிக்கு ரெண்டு கிலோ சாயமுங்க. துணி தெரியாம எப்படிங்க போடறது?"

அடேயப்பா! மண்டு என்று நான் முடிவுகட்டியிருந்த பெண். இங்கே துணி இல்லை, நூறு என்பது கரைசலின் நூறு மில்லி என்றதும், "அப்ப பத்து கிராமுங்க" என்றாள். அன்றிலிருந்து என் வகுப்பில் கணக்கைத் தொடுமுன் "நூறு எதோட நூறு?" என்பதைத்தான் வாயால் சொல்லச் சொல்கிறேன்.

தேவி பாஸானாள். அவள் அப்பா காலேஜுக்கே வந்து, "புள்ள படிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் இருந்த உங்களுக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்க, "நெசமாலுமுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நன்றி என்று ஒரு வார்த்தை அப்போது எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி அக்கா.

தப்பான விடையைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால், "எத நெனச்சுப் போட்டே கண்ணு?" என்ற கேள்வி அதற்கு முன்னால் வந்துவிடுகிறது.