இரண்டு டம்ளர்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்றுதான் பழக்கத்தில் கை எழுதப் போகிறது. பொய்யை முதல் வரியிலேயே எழுத வேண்டாம். நாளைக்குக் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். உளறிவிடாமல் இருக்க, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள் என்று சர்க்கார் வக்கீல் சொன்னார். சலவைக் கடையில் சாப்பாட்டு நேரம். மடிக்கிற மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஜட்ஜய்யாவுக்கு எழுத வரவில்லை. உனக்குத்தான் வருகிறது. எழுத்துப் பிழை இருந்தால் எப்போதும் போலச் சிரித்துக்கொள்.

உன் புருஷன் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான். மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். அவன் பேக்கரியில் ராத்திரி வேலை முடித்து விடிந்து வந்தபோது நீ கழுத்து நெரிபட்டுக் கிடந்தாயாம். வேலைக்கு நடுவில் சிகரெட் பிடிக்கப் போனவன் வெகு நேரம் வரவில்லை என்கிறான் கூட வேலை பார்க்கிறவன். அடுப்பை விட்டு நகரவே இல்லை என்கிறார் முதலாளி. யார் சொல்வதை நான் நம்ப?

ஊர் அதையெல்லாம் பேசவில்லை. அவன் அழவில்லை என்பதைத்தான் பேசுகிறது. அன்றைக்கு அவன் சத்தம் போடவில்லை. சட்டையை மாற்றி, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே இங்கே வந்தான். "அத்தை, கொஞ்சம் வீட்டுக்கு வர்றீங்களா" என்றான். வழியெல்லாம் என் சாப்பாட்டுப் பையை அவன்தான் தூக்கி வந்தான். பொண்டாட்டியைப் பிணமாகப் பார்த்தவன் எவனாவது கதவைப் பூட்டிவிட்டு நடந்து வருவானா என்று டிவியில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு கத்துகிறார்கள். அவன் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி, கண்ணில் ஈரம் இருக்கிறதா பாருங்கள் என்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் அவர்களுக்கு. ஏன் பூட்டினாய் என்று போலீஸ் கேட்டதற்கு, அவளை அந்தக் கோலத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பூட்டினேன் என்றானாம். நல்ல கதை என்று சிரித்தார்களாம்.

கடையிலும் இதே பேச்சுதான். பில் போடுகிற அம்மா, கல்நெஞ்சக்காரன், அவனேதான் என்று அடித்துப் பேசுகிறாள். இஸ்திரி போடுகிற அக்கா விடவில்லை. அழுகையை வைத்துத்தான் கொலைகாரனைப் பிடிப்பதென்றால், எம் புருஷன் செத்தன்னைக்கு என்னைத்தான் முதல்ல பிடிச்சிருக்கணும், அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், சுண்டெலி. பிறகு கழிப்பறைக்குப் போய் நின்றேன்.

ஏனென்றால் நானும் அன்றைக்கு அழவில்லை. உன்னைப் பார்த்தேன். பின்கட்டுக்குப் போனேன். கொடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்து மடித்தேன். உன் நைட்டி, அவன் சட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் மூலைக்கு மூலை சேர்த்து, போலீஸ் வருகிறவரை மடித்துக்கொண்டே இருந்தேன். என்னை ஏன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. பெற்றவள், பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். நான் மடித்தால் துக்கம், அவன் பூட்டினால் கொலையா? அவன் மேல் பாசத்தில் கேட்கவில்லை. கன்னம் வீங்கி நீ என் வீட்டுப் படியேறிய நாளை நான் மறக்கவில்லை. அதையும் நாளைக்குச் சொல்வேன். ஆனால் கொன்றுவிடுவேன் என்று அவன் உன்னை மிரட்டியதாகவும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார் இன்ஸ்பெக்டர். அதை நான் கேட்கவில்லையே.

அவனை ஸ்டேஷனில் வைத்து அடித்த அடியில் சுண்டுவிரல் இப்போது நிமிர்வதில்லை. நான்தான் கொன்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கோர்ட்டில் வந்து இல்லை என்றான். அடியாத மாடு படியாதும்மா என்கிறார் இன்ஸ்பெக்டர். அந்த அடிக்கு நான்கூட என் மகளைக் கொன்றேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். உன் சமையலறை மேடையில் அன்றைக்கு இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. ஒன்று குடித்துக் காலி. வயிற்றுப் புண்காரன், உன் புருஷன் டீயைத் தொடமாட்டான். வந்த போலீஸ்காரர்களில் ஒருத்தர், தொப்பைக்காரர், தாகம் என்று அந்தக் காலி டம்ளரை எடுத்துக் குழாயில் அலசித் தண்ணீர் பிடித்துக் குடித்தார். என் கண் முன்னால். ஐயா, அது என்று வாயெடுத்தேன். நீ போய் ஓரமா உட்காரும்மா என்றார். குடித்துவிட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்தார், ரொம்பச் சுத்தக்காரர். யார் கை பட்ட டம்ளரோ, யார் வாய் பட்டதோ, எல்லாம் சாக்கடையோடு போயிற்று. போலீஸ் எழுதியதில் ஒரே ஒரு டம்ளர்தான் இருக்கிறது.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். ரெண்டுன்னு சொன்னா அவன் வக்கீல் கெட்டியாப் பிடிச்சுக்குவான், கொன்னவன் கைவீசிட்டு வெளிய வருவான், பரவாயில்லையா என்றார். அதோடு விட்டாரா? புருஷன் இல்லாத ராத்திரியில எவனுக்கு டீ போட்டாள்னு ஊரே கேக்கும், செத்தவ பேரையாவது காப்பாத்தும்மா என்றார். உன் அண்ணனும் அதையே சொல்கிறான். "ஒண்ணுன்னே சொல்லிட்டுப் போம்மா, தங்கச்சி மானம் போயிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது.

வந்தவர்களுக்கு ஒரு வாய் டீ கொடுக்கச் சொல்லி வளர்த்தவள் நான். அதில் என்ன மானம் போகிறது? வந்தது பெண்ணாகக்கூட இருக்கலாம். டம்ளரைக் கழுவியவர்களுக்குப் போகாத மானம், டீ கொடுத்த உனக்கு ஏன் போக வேண்டும்?

இரண்டு என்றுதான் சொல்லப் போகிறேன். நாளைக்கு டிவியில் உன் படத்தைப் போட்டு நாலு பேர் நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். பொறுத்துக்கொள். அவன்தான் உன்னைக் கொன்றவன் என்றால், அவனுக்கு ஜெயில் கதவைத் திறந்து விட்டவள் உன் அம்மா. அதையும் பொறுத்துக்கொள். ஒன்று என்று சொல்லி அவனை ஜெயிலில் தள்ளிவிட்டு, வேறொருத்தன் என் கடை வாசல் வழியாகத் தினம் நடந்து போகிறானோ என்று பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியாது.

பில் போடுகிற அம்மா கூப்பிடுகிறாள், ஈரப் போர்வை வந்திருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் குளிராமல், பயமில்லாமல் இரு. நாளைக்கு என் நாக்குக் குழறாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா

எழுத விட்டுப்போயிற்று. தாழ்ப்பாள் உடையவில்லை, நீயேதான் திறந்திருக்கிறாய். நான் வந்து தட்டினால்கூட யாரென்று கேட்காமல் திறக்கமாட்டாயே. அன்றைக்கு நீ யாரு என்று கேட்டதும், வெளியே நின்ற குரல் என்னடி சொன்னது?