கணுக்கால் உயரத்து மைக்

என் நிரோ மச்சாளுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறேன். நெஞ்சு மரத்துப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு செய்தி. டப்ளினில் ஒரு விழாவுக்கு நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐரிஷ் நாட்டார் பாட்டை ரொக் தாளத்தில் ஒஸ்லோ பப்களில் இத்தனை வருடம் பாடினோமே, ஒருநாளாவது அயர்லாந்துக்காரர் கூப்பிடவேண்டும் என்று ஆசைப்பட்டவள் நீதான். இரண்டு பேரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நம் முதல் மேடை ஞாபகமிருக்கிறதா? நீ கர்நாடக வயலின் படித்தவள். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினால்தான் உனக்கு வாசிக்க வரும். நான் கிட்டாரோடு நின்று பாட, பின்வரிசைக்கு நீ தெரியவே இல்லை. வயலினை ரெக்கோர்ட் போட்டு ஏமாற்றுகிறோம் என்று ஒருவர் பப்காரரிடம் போய் முறையிட்டார்!

அதற்குப் பிறகுதான் நீ ஏறி இருந்து வாசிக்க அந்த உயரப் பலகை. சிவப்புக் கம்பளம் ஒட்டிய அந்தப் பாரத்தை வெஸ்ட்லி வீட்டிலிருந்து மெட்ரோவில் ஏற்றி இறக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போகும்.

"ஒருக்கா எழும்பி நிண்டு வாசியனடி" என்று எரிந்து விழுவேன்.

"நிண்டா எனக்கு வராது. வேணுமெண்டா நீ இருந்து பாடன்" என்பாய்.

நான் ஒருநாளும் இருந்து பாடியதில்லை.

போன வெள்ளிக்கிழமை, நாம் முதல் மேடை ஏறிய அதே பப்பில் உன் நினைவாக ஒரு பாட்டுக் கேட்டார்கள். ஒலி அமைப்பவர் நம் பழைய ஆள்தான். எனக்கு ஒரு மைக் வைத்தார். கைப்பழக்கத்தில், பக்கத்தில் கணுக்கால் உயரத்தில் இன்னொன்றும் வைத்துவிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்து, அதை எடுக்கக் குனிந்தார். இருக்கட்டும் என்றேன்.

பலகையை நான் கொண்டுபோகவில்லை. வெறும் நிலத்தில் சப்பாணி கட்டி, உன் மைக்கில் பாடினேன். அங்கிருந்து பார்த்தால் தாளம் போடும் சப்பாத்துக் கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. பலகை வருமுன், அந்த முதல் மேடையில் நீ பார்த்தது இதைத்தானா? ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

நேற்று குரோருட்டில் இருக்கும் உன் அம்மாவிடம் போய் டப்ளின் கதையைச் சொன்னேன். மாமி கேட்டார்:

"வேறை ஆரையும் வயலினுக்குக் கூட்டிக்கொண்டு போவியோ?"

"இல்லை மாமி."

"அப்ப போ பிள்ளை. அவள் எவ்வளவு ஆசைப்பட்டவள். பலகையை மறந்திடாதை."

சொல்லிவிட்டு அழுதார். அவருக்கும் தேநீர்தான் போட்டுக் கொடுத்தேன்.

நாளைக்குப் பதில் எழுதுவேன். ஒருத்திதான் வருகிறேன், ஆனால் மைக் இரண்டு வேண்டும் என்று கேட்பேன். பலகையை உன் இடத்தில் போட்டுவிட்டு, என் இடத்தில் நின்று பாடுவேன். நீ வாசிக்கும் இடம் வரும்போது நிறுத்திவிடுவேன். யார் எப்படிப் பார்த்தாலும் சரி, நீ வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் அடுத்த அடியை எடுப்பேன்.

உன் மச்சாள்,
துளசி