பிராண்டனாக வந்த இரண்டாவது ஆள்

8.3.1998, ஞாயிறு

அவருக்கு இன்று முழுக்கக் கோபம். என் மேல் இல்லை, மேஜர் பிராண்டன் மேல்.

தேனிக்குப் போய் மேட்னி பார்த்தோம். அவர், நான், நடுவில் அவர் மகள் தேவயானி. பிராண்டன் ஓர் இங்கிலீஷ் உளவாளி. சின்னமனூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு உளவாளியோடு என்ன வேலை? ஆனால் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒன்பது மாதத்தில் அவன் ஜாதகமே எனக்கு மனப்பாடம். இருபத்தைந்து வருஷமாகப் படம் வருகிறதாம். நடிக்கிறவனுக்கு வயதாகிவிட்டால் வேறு ஆளைப் போட்டு அதே பெயரில் எடுத்துவிடுவார்கள். இன்றைக்குப் பார்த்தது மூன்றாவது ஆள். தமிழில் பேசுகிற குரல் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

ஒவ்வொரு படத்திலும் ஓர் இடம் உண்டு. ஆபத்தான வேலைக்குக் கிளம்பும் முன் பிராண்டன் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவான். தியேட்டரில் விசில் பறக்கும். மூன்றாவது ஆள் அதைக் கண்ணடித்துக்கொண்டே கட்டினான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன்.

பஸ்ஸில் பெரியகுளம் வரும்வரை அவர் விடவில்லை. "மொத ஆளு எப்பிடிக் கட்டுவான் தெரியுமா? காலத் தூக்கி வில்லனோட நாற்காலியில வச்சு, அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கட்டுவான். இவனெல்லாம் செருப்புக் கடையில நிக்கிறவன். மொத ஆளு மாதிரி ஒருத்தன் இனிமே பெறந்துதான் வரணும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டாம் தாரமாக வந்தவளை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைப் பேசுகிறோமே என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

9.3.1998

தேவயானி இன்றும் என்னை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. "சாப்பாடு ஆச்சா" என்று சுவரிடம் கேட்டாள். சுவர் சார்பில் நான்தான் பதில் சொன்னேன்.

13.1.1999

வீட்டுச்சாமி கும்பிட்டோம். பொங்கலுக்கு முந்தின நாள், சுமங்கலியாகச் செத்தவளுக்குப் புதுச்சேலை படைப்பது இந்த வீட்டு வழக்கம். ஓலைப்பெட்டியைத் திறந்து போன வருஷத்துச் சேலையை எடுத்துவிட்டுப் புதுச்சேலையை வைக்க வேண்டும். எடுத்த சேலையை வீட்டில் இருக்கிற பெண் கட்டிக்கொள்ள வேண்டும். அதாவது நான்.

செத்தவள் அவருடைய முதல் மனைவி சோணையம்மாள். 94 ஜனவரியில், மூளைக்காய்ச்சலில், நாலே நாளில் போய்விட்டாளாம். அப்போது தேவயானிக்கு ஆறு வயது.

சேலை எடுக்கப் போகும்போதே என் நாத்தனார் மாயக்காள் கட்டளை போட்டுவிட்டாள். "அவளுக்கு அரக்குக் கலருதான் உசுரு. வேற எதையும் எடுத்துட்டு வந்துராத, ஆத்தா." எடுத்தேன். எனக்கு அந்த நிறம் ஆகவே ஆகாது. கட்டினால் நானே எனக்குப் பெரியம்மா மாதிரி இருக்கிறேன்.

பழைய அரக்கைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தேவயானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாயக்காள் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அவ கட்டுனா அம்சமா இருக்கும்" என்றாள்.

6.6.1999

வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து முதல் ஆள் படம் இரண்டு போட்டார். நியாயமாகச் சொல்ல வேண்டும் – நல்ல ஆள்தான். ஓடவே மாட்டேன் என்கிறான். வீடே வெடிக்கிறது, இவன் நடந்து வருகிறான். வேர்வை கிடையாது. இப்படி ஒருத்தனோடு குடித்தனம் நடத்த முடியுமா என்று யோசித்தேன். சோறு குழைந்துவிட்டால்கூட வாயைத் திறந்து சொல்ல மாட்டான்.

"ரெண்டாவது ஆள் எப்பிடி?" என்று கேட்டேன். ஒரே ஒரு படம்தான் நடித்தானாம் அவன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அந்தப் படத்தப் பத்திப் பேச்செடுக்காத" என்று எழுந்து போய்விட்டார்.

சரி. ஒரே படத்தில் துரத்திவிட்ட ஆள் மேல் இவ்வளவு வெறுப்பா? மூன்றாவது ஆளைத் திட்டவாவது செய்கிறார். இரண்டாவது ஆளுக்கு அதுகூட இல்லை.

20.8.2000, ஞாயிறு

மத்தியானம் டிவியில் அந்தப் படமே வந்துவிட்டது. பெயர் ஓடும்போதே அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "எங்கன போறீக?" என்றேன். மழைத் தூற்றலில் குடைகூட எடுக்காமல் போனார்.

நான் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். அவர் மேல் இருந்த வீம்புதான், வேறென்ன.

இரண்டாவது ஆளுக்கு அழகு கம்மி. காது பெரிசு. கோட்டு அவனுக்குத் தைத்தது மாதிரியே இல்லை, யாரிடமோ இரவல் வாங்கினது மாதிரி இருக்கிறது. லேஸ் கட்டும் இடம் வந்தது. மற்ற இரண்டு பேரும் கட்டினதை மறந்துவிட்டேன். இவனுக்குக் கை நடுங்குகிறது. முடிச்சு நழுவுகிறது. திரும்பக் கட்டுகிறான். எச்சில் விழுங்கிவிட்டு எழுந்து போகிறான். பயந்துகொண்டே போகிறான், ஆனால் போகிறான். இவன்தான் ஆள்.

கடைசியில் கூட்டாளி செத்துப்போகிறான். செத்தவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு பிராண்டன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ரயில் வருகிறது, போகிறது. அவன் ஏறவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். யார் செத்ததற்கு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் தேவயானி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முகத்தில் அப்படி ஒரு கடுகடுப்பு. "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

21.8.2000

நேற்று எழுதினதைப் படித்தேன். ஒரு வெள்ளைக்கார நடிகனுக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த வீட்டில் யாரிடமும் ஒரு பக்கம் அளவுக்கு நான் பேசியதில்லை.

25.3.2003

மூணு நாளா காய்ச்சல். எந்திரிக்க முடியல. மாயக்காள் வந்து அடுப்படிய எட்டிப் பாத்துட்டுச் சொல்றா – "சோணை இருந்தா இந்தக் காய்ச்சலோடயும் பொங்கி வச்சிருப்பா." அவர் காதிலயும் விழுந்துச்சு. வாயத் தெறக்கல. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

எனக்குத் தெரியும் என்ன நெனைக்கிறாகன்னு. மொத ஆளு மாதிரி வருமா. வராது. வரவே வராது. நான் அவ இல்ல. நான் அவளா இருக்கணும்னு யார் கேட்டா? நான் கேட்டனா?

துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். சின்னமனூர் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. பையை மடியில் வைத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். "ஏறுறீகளா இல்லையாம்மா?" நாளைக்குத் தேவயானிக்குக் கணக்குப் பரீட்சை, பத்தாவது. காலையில் யார் சோறு கட்டிக்கொடுப்பார்கள்? அதோடு, சின்னமனூரில் அண்ணன் வீடு இருக்கிறது, எனக்கென்று என்ன இருக்கிறது?

பஸ் போய்விட்டது. திரும்பி வந்தேன். நான் போனதையும் யாரும் கேட்கவில்லை, வந்ததையும் கேட்கவில்லை.

26.3.2003

கணக்கு சுலபமாம். மாயக்காளிடம் சொன்னாள், என் காதில் விழுந்தது.

3.12.2006, ஞாயிறு

தேவயானி கோயம்புத்தூர் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய் ஒன்றரை வருஷம். அவள் இருந்தபோதும் என்னோடு பேசவில்லைதான், ஆனால் பேசாமல் இருக்கவாவது ஓர் ஆள் இருந்தது. இப்போது நாங்கள் இரண்டு பேர். அவர் தாலுகா ஆபீஸ் போகிறார், வருகிறார், பேப்பர் படிக்கிறார். "இந்தா" என்பார், டம்ளர் நீளும். அவ்வளவு.

புதுப் பிராண்டன் படம் தேனிக்கு வந்திருக்கிறது. நாலாவது ஆள். "போவமா?" என்றேன். "மூட்டு வலிக்குது" என்றார். எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ, நானே போய்விட்டேன்.

டிக்கெட் கொடுக்கிறவர் ஜன்னல் வழியாக என் பின்னால் எட்டிப் பார்த்தார். "எத்தன பேரு வந்திருக்கீக?"

"ஒருத்திதான்."

"இது சண்டப் படம்மா."

"தெரியும். நாலு ஆளையும் எனக்குத் தெரியும்" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நாலாவது ஆள் முரடன். லேஸ் கட்டும்போது இழுக்கிற இழுப்பில் அது அறுந்துபோகிறது. தூக்கி எறிந்துவிட்டு அவிழ்ந்த ஷூவோடு போகிறான். கைதட்டல் தாங்கவில்லை. நானும் தட்டினேன். ஆனாலும் என் ஆள் அவன் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார். "எப்பிடிக் கட்டுனான்?"

"கட்டல. அறுந்துபோச்சு. அப்பிடியே போயிட்டான்."

பேப்பர் இறங்கியது. "அறுந்துபோச்சா!" என்றார். அரை மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எழுதிவைக்க வேண்டிய நாள்.

10.1.2010, ஞாயிறு

கை ஓடவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தேவயானி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பொங்கலுக்கு நேற்றே வந்துவிட்டாள். டிவிடி பிளேயர் வாங்கி வந்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டதும் அதில் ஒரு டிவிடியைப் போட்டாள். இரண்டாவது ஆள் படம்.

அவர் ஆணியில் கிடந்த சட்டைக்குக் கையை நீட்டினார்.

"அப்பா, உக்காருங்கப்பா. எத்தன வருசம் இப்பிடியே எந்திரிச்சுப் போவீக?"

உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்கார வைத்தாள். லேஸ் கட்டும் இடம் வந்தது. கை நடுங்கியது, முடிச்சு நழுவியது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. இரண்டு மணி நேரப் பவர்கட், அதுவரை வராது. மூன்று பேரும் கறுத்துப்போன டிவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். துண்டுக்குள்ளிருந்தே அவர் பேசினார்.

"இந்தப் படம்தான் அவளும் நானும் கடைசியாப் பாத்தது. அவளுக்கு இந்த ஆளத்தான் பிடிச்சுச்சு. எனக்குக் கோவம். உனக்கு ரசனையே இல்லன்னு பஸ்ல அத்தன பேரு முன்னாடியும் கேலி பண்ணிட்டேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசல. மூணாம் நாள் காய்ச்சல். அப்பறம் பேசவே இல்ல."

பத்து வருஷமாக அந்தச் சட்டையை அவர் மாட்டிக்கொண்டு போனதற்கு நான் ஒரு காரணம் எழுதிவைத்திருந்தேன். இரண்டாவதாக வந்தது எதுவும் அவருக்கு ஆகாது என்று. முதல் ஆள், முதல் ஆள் என்று அவர் சொன்னபோதெல்லாம் சோணையம்மாளைச் சொல்கிறார் என்று சுருண்டு படுத்திருக்கிறேன். அவர் சொன்னது நிஜமாகவே அந்த வெள்ளைக்காரனை! சோணையம்மாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் பேசியது இன்றைக்குத்தான்.

தேவயானி என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க ஒரு நாள் இந்தப் படம் பாத்து அழுதீகள்ல. பெஞ்சுல உக்காந்திருப்பானே, அந்த எடம். எங்கம்மாவும் அங்கதான் அழுதுச்சு. நான் அவுக மடியிலதான் இருந்தேன். அதே மாதிரி நீங்க முந்தானைய வாயில வச்சிருந்தீக. எனக்கு அப்ப உங்க மேல கோவங் கோவமா வந்துச்சு. எங்கம்மா அழுகைய நீங்க எப்பிடி அழலாம்னு."

நான் எழுந்து போய்ப் பானைத் தண்ணீர் மொண்டு வந்து இரண்டு பேருக்கும் கொடுத்தேன்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. தேவயானி படத்தை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

"சித்தி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அப்பாவுக்கு மறைக்குது" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன்.

11.1.2010

சித்தி என்றாள். நேற்று எழுதும்போது அந்த இடத்தில் நிறுத்த முடியாமல் ஓடிவிட்டேன். பன்னிரண்டரை வருஷம். இன்று காலையிலும் சொன்னாள், "சித்தி, சீப்பு எங்க?"

13.1.2010

வீட்டுச்சாமி கும்பிட்டோம். நேற்று நானும் தேவயானியும்தான் சேலை எடுக்கப் போனோம். அரக்கு அடுக்கைத் தாண்டிப்போய் நல்ல மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்டது ஒன்றை எடுத்தேன். பெட்டிக்குள் வைக்கும்போது மாயக்காளுக்குப் பொறுக்கவில்லை.

"அவளுக்கு அரக்குதானே பிடிக்கும்! யாரு இத எடுத்தது?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் சொன்னார். "ஹேமாவதி எடுத்தா. அதுக்கென்ன இப்ப?"

என் பெயர் அவர் வாயில் இவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. மாயக்காள் சூடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

போன வருஷத்து அரக்கைக் கட்டிக்கொண்டு வந்தேன். இன்று யாரும் வெளியே போகவில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போது அவர் கேட்டார், "அந்த ரெண்டாவது ஆளு உனக்கும் பிடிக்குமாமே. அப்பிடி என்னதான் இருக்கு அவங்கிட்ட?"

"பயந்துக்கிட்டே போறான். ஆனா போறான்ல" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அவளும் இதே வார்த்தையத்தான் சொன்னா" என்றார்.

எத்தனையோ தடவை அவளோடு சேர்த்துவைத்து என்னை அளந்திருக்கிறார்கள். இன்றைக்குத்தான் வலிக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து படம் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், சோணை அக்கா.

மஞ்சள் சேலை இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. இந்த வருஷம் நீ கட்டிக்கொள். அடுத்த தைக்கு அது எனக்கு வரும். எனக்குப் பிடித்த நிறமாகத்தான் எடுத்திருக்கிறேன்.