உன் பெயரில் நான் ஊதிய மூச்சு

இன்று எங்கள் துறைமுக அலுவலகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனை. மூச்சை அளக்கும் கருவியில் ஊதச் சொல்லி வெள்ளை அட்டைக்குழல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் அட்டை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. என்னால் ஊத முடியவில்லை.

போன வருடம் இதே மாதிரிக் குழலை உனக்காக ஊதினேன். இதே துறைமுகத்தில் கப்பலுக்குள் இறங்கி நிலக்கரி கூட்டித் தள்ளுகிற ஒப்பந்தத் தொழிலாளி நீ. மூச்சு குறைவு என்று எழுதிவிட்டால் உனக்கு வைத்தியம் கிடையாது, கேட் பாஸைத்தான் பிடுங்குவார்கள். "ஏலே, ஏசியில இருக்க நெஞ்சு உனக்கு. என் பேர்ல ஒரு ஊது ஊதிட்டு வந்துரு" என்று உன் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துச் சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நகங்களைப் பார்த்தார். பத்து வருடம் கரியில் கிடந்தவனுக்கு நகம் அவ்வளவு வெள்ளையாகவா இருக்கும்? "நல்லா ஊதுதீகளே" என்றார். தகுதி என்று எழுதினார். ஏமாற்றிவிட்டோம் என்று நாம் குதித்தோம். அவருக்குத் தெரிந்தேதான் எழுதினார் என்று இப்போது எனக்குப் படுகிறது. அவர்களுக்கும் அதுதானே தோது.

ஏழே மாதத்தில் போய்விட்டாய். இழப்பீடு கேட்டுப் போன உன் மனைவியிடம் அந்தத் தாளைக் காட்டி, நெஞ்சில் கோளாறே இல்லை, பீடிதான் கொன்றது என்றார்களாம். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள் நாம். நான் இன்னும் மூன்று மாடி ஏறுகிறேனே!

நேற்று திரேஸ்புரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். "நல்ல நெஞ்சுன்னு எழுதியிருக்காகளே அண்ணாச்சி, பொறவு விடிய விடிய இருமுனது யாரு?" என்று உன் மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பிள்ளையின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து நீட்டினாள்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"நாளைக்கு உன்கூட லேபர் ஆபீசுக்கு வந்து நேர்லயே சொல்லுதேன்ம்மா."

"இப்பமே எழுதுங்க."

எழுதி வாங்கி, மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். உன் சிநேகிதனை நம்பவில்லையே என்று எனக்குக் கோபம்தான்.

இன்று நான் ஊதாமல் நின்றதை யார் போய்ச் சொன்னார்களோ, மேனேஜர் கூப்பிட்டார். ஒருநாளும் இல்லாமல் டீ வரவழைத்தார். "ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்குல்லா அண்ணாச்சி? உடம்பையும் வேலையையும் பாத்துக்கிடுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். லேபர் ஆபீசுக்குப் போகவில்லை.

நேற்று எழுதிக் கொடுத்த அந்தத் தாள் என் பையில் இருந்திருந்தால், படி இறங்குவதற்குள் கிழித்திருப்பேன்.