திருப்பித் தராத தட்டு

1999 டிசம்பர் 26, ஞாயிறு

தெருமுனையில் ஆப்பக்கடை போடும் அன்னம்மாக்கா நேற்று கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பினார். குல்குல், அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக். மகள் தர்ஷினி தின்று தீர்த்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறாள். பூப்போட்ட பீங்கான் தட்டு. பெங்களூரில் இந்த நீலசந்திராவில் தட்டை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். நாளை போகிறேன்.

டிசம்பர் 29

விவாகரத்துத் தீர்ப்பின் நகலை வாங்க வக்கீல் ஆதிகேசவனிடம் போனேன். போன இடத்தில் பழைய கடனைப் பற்றியும் கேட்டுவைத்தேன். 97 மார்ச்சில் அந்த ஆள், என் முன்னாள் கணவர் வெங்கடசாமியின் வெல்டிங் கடைக்காக அன்னம்மாக்காவிடம் முப்பதாயிரம் வாங்கினோம். அக்காவின் சீட்டுப் பணம். கடன் நோட்டில் நானும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டேன். கடையும் போயிற்று, கல்யாணமும் போயிற்று, வெங்கடசாமி ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போய்விட்டார்.

"விவாகரத்து ஆனா கடன் போயிடாதும்மா. ஆனா மூணு வருஷத்துக்குள்ள அவங்க கேஸ் போடணும். மார்ச் பதினாலு தாண்டிட்டா நோட்டு காலாவதி. அதுவரைக்கும் பத்து ரூபாகூடக் கொடுக்காதீங்க, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. போட்டா மறுபடி முதல்லேர்ந்து மூணு வருஷம்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை எழுதவே கை கூசுகிறது.

2000 ஜனவரி 9

தட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை போட்டுக் கொடுத்தால் அதுவும் கடனுக்குக் 'கொடுத்தது' என்று ஆகிவிடுமோ? பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்துகொண்டு, ஒரு பிடி சர்க்கரைக்குப் பயப்படுகிறேன். வக்கீலைக் கேட்கலாம். கேட்டால் சிரிப்பார்.

ஜனவரி 30

தர்ஷினி ஆப்பம் கேட்டாள். சளி பிடிக்கும் என்றேன். ஆப்பத்துக்கும் சளிக்கும் என்னம்மா சம்பந்தம் என்றாள். பஸ்ஸுக்குக்கூட இப்போது பின் சந்து வழியாகத்தான் போகிறேன்.

பிப்ரவரி 20

இன்று சந்துக்குள்ளேயே எதிரே வந்துவிட்டார் அக்கா. பணம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா மித்ரா, எளச்சுப் போயிட்ட? வேளைக்குத் துன்றியா?"

அவ்வளவுதான். கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் கேட்கமாட்டேன் என்கிறார்? கேட்டால் சண்டையாவது போடலாம். கேட்காதவரைப் போய் ஏமாற்றுவது — சீ, எழுதாதே. எழுதாவிட்டால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா?

மார்ச் 14, செவ்வாய்

இன்றுதான் கடைசி. தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அக்கா கோர்ட்டுக்கும் போகவில்லை, எங்கும் போகவில்லை. ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மார்ச் 15

தப்பித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டார். சும்னே வந்தேன், சும்மா பார்த்துட்டுப் போக என்றார். கொஞ்ச நேரம் தர்ஷினியிடம் பேசினார். அப்புறம் தயங்கித் தயங்கி, "கண்ணுல புரையாம். ஆபரேசன் பண்ணணும்ன்றாங்க. உன் பாதி இருந்தா கொடு கண்ணு. இல்லாங்காட்டி பரவால்ல."

"என் பாதியா?"

"உன் வீட்டுக்காரரு அவரு பாதிய போன மாசந்தான் கட்டி முடிச்சாரு. சிப்ட்டு முடிச்சு சந்தாபுராலேர்ந்து பஸ் ஏறி வருவாரு, பாவம். 'மித்ராவக் கேக்காதக்கா, அவளே கொடுப்பா, அடுத்தவங்க காச வச்சுக்குற ஆளு இல்ல'ன்னாரு. அதான் நானும் கேக்கல."

காலாவதி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்திருந்தது. விழுங்கிவிட்டேன். கோர்ட்டில் வெங்கடசாமியைப் பொறுப்பில்லாதவர், கடன்காரர் என்று எழுதிக் கொடுத்தவள் நான். "பார்க்கிறேன்க்கா" என்றேன். போகும்போது அக்கா அலமாரியில் இருந்த தன் தட்டைப் பார்த்தார். அவமானம், அவமானம். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

மார்ச் 28

காலாவதியான கடனை நானே திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் செல்லுமா என்று ஆதிகேசவனைக் கேட்டேன். "செல்லும். ஆனா யாராவது அப்படி எழுதுவாங்களா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

நேற்று வளையலை அடகு வைத்தேன். இன்று ஆபரேஷனுக்கு வேண்டியதை அக்கா கையில் கொடுத்து, மீதிக்குப் புது நோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இதெல்லாம் எதுக்கு? எனக்கின்னா படிக்கவா தெரியும்?"

"வச்சுக்கங்கக்கா. என்னை நம்பாதீங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. தட்டு நிறையச் சர்க்கரை கொண்டுபோயிருந்தேன். "இத்தினி சர்க்கரையா!" என்று சிரித்தார்.

நாலு ஆப்பம் வாங்கினேன். நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், சில்லறை இல்லை, நாளைக்குக் கொடு என்றுவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. காலையில் முன் தெரு வழியாகப் போக வேண்டும். மறந்துவிடாமல் ஞாபகப்படுத்தச் சொல்லி தர்ஷினியிடம் இரண்டு தடவை சொல்லிவைத்திருக்கிறேன்.