வெள்ளிக்கிழமைக் கறை

அக்கா,

மேசையில் இவர் வீட்டில் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த பழைய நீலச் சாரம் கிடக்கிறது. முகர்ந்து பார்த்தேன். புட்டு ஆவியும் பழைய எண்ணெயும் ஊறிய மணம். சமையலறைக்கு நிறம் பூச வந்த ஆள், சுவரின் மேல்மூலையில் இருக்கும் காற்றுத் துவாரத்துக்குள்ளிருந்து இதை உருவி எடுத்தான். இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதை யார் இதற்குள் அடைத்தது?" என்று கேட்டான். எனக்கு உடனே உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் செத்து நாலு மாதமாகிறது.

நான் எப்படிப்பட்ட சந்தேகப் பிராணி என்று உங்களுக்குத் தெரியும். மரவள்ளிக்கிழங்கை முறித்துப் பார்க்காமல் நான் பையில் போட்டதில்லை. அந்த மாரியில், ஊரில் சண்டை நின்று பாதை திறந்து, இந்தக் குளிர் நாட்டில் நாங்கள் இருக்கிற புருசெத்தில் பாதிச் சனம் யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோது, என் சமையலறைச் சீலிங்கில், யன்னல் மூலையில், ஒரு மஞ்சள் கறை வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அது ஈரமாகும். விளக்குக்குப் பக்கத்தில் இரண்டு சொட்டு விழும். என் தலைக்கு மேலே உங்கள் சமையலறை. நீங்களோ வெள்ளி விரதக்காரி. ஊரில் சீமெந்துத் தரை கழுவிய பழக்கத்தில், இங்கேயும் மஞ்சள் தண்ணீரை வாளியோடு ஊற்றி விளக்குமாற்றால் தள்ளுவீர்கள். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிற வேலை எனக்கு. தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிரும் இருந்தது. லினோலியம் விரித்த தரையில் சிந்தினால் அது தட்டையாகப் பரந்து அப்படியே நிற்கும். பலகைத் தரையில் சிந்தினால் இடுக்கைத் தேடி உள்ளே போய்விடும். உங்கள் வீட்டில் பலகைத் தரை.

கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் ஒருநாள் மேலே வந்தேன். நீங்கள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது, மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசை முழங்கையால் தட்டிவிட்டேன். அது தவறுதலாக நடந்ததில்லை அக்கா. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கத்தான் தட்டினேன். அது நேரே யன்னல் மூலைக்கு, என் கறைக்கு மேலாகத்தான் ஓடியது. நீங்கள் துவாயோடு ஓடிவந்து குனிந்து துடைத்தீர்கள்.

"இஞ்சத்தைத் தரையிலை தண்ணிக்கு ஓடத் தெரியாது, தங்கச்சி. எங்கடை வீட்டிலை எண்டால் ஊத்தினதும் தானாய் முத்தத்துக்குப் போயிடும்," என்று சிரித்தீர்கள்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாளே கட்டட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு பேர் வந்து உங்கள் தரையைக் கிளப்பினார்கள். பத்து நாட்கள் உங்கள் அடுப்பு வரவேற்பறையில் இருந்தது. பலகைக்கு அடியில் எல்லாம் காய்ந்து கிடந்ததாம். நான் நம்பினேனா? முதல் நாளே ஹீட்டரைப் போட்டுக் காயவைத்திருப்பா என்று இவரிடம் சொன்னேன். "உனக்கு விசர்," என்றார் இவர்.

அதன் பிறகு ஒரு வெள்ளி நீங்கள் கீழே வந்தீர்கள். சண்டைக்கு வருகிறீர்கள் என்று நினைத்து, வாயில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். நீங்கள் சமையலறைக்குள் வந்து சீலிங்கைப் பார்த்தீர்கள். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. பிறகு, குளிர்காற்று வராமல் நான் துவாரத்தில் அடைத்திருந்த சாரத்தின் துருத்திய நுனியைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"மாரி முடியட்டும், இதை எடுத்து விடும். இப்ப எடுத்தால் உமக்குக் குளிரும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். கதையை மாற்றுகிறா, குற்றமுள்ள நெஞ்சு, என்று நான் உள்ளுக்குள் கறுவினேன். புட்டுச் சாப்பிடுங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. மாரி முடிந்தது. சாரத்தை எடுக்கவும் இல்லை.

அந்த வெள்ளியிலிருந்து மேலே வாளிச் சத்தம் நின்றது. ஈரத்துணியால் மட்டும் துடைத்தீர்கள். அடுத்த மாரியில் கறை மறுபடி ஈரமானது. அப்போதும் நான் உங்களைத்தான் சந்தேகித்தேன். சத்தம் கேட்காமல் ஊற்றப் பழகிவிட்டா என்று. படியில் கண்டால் தலையை ஆட்டுவோம். கறிவேப்பிலை கேட்டு நான் பிறகு வரவேயில்லை. உங்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் பனியைப் பற்றித்தான் கதைத்தோம்.

இன்றைக்கும் வெள்ளி, நான் வழக்கமாய்ப் புட்டு அவிக்கிற நாள். நிறம் பூச வந்தவன் ஏணியில் நின்றபோது நான் புட்டுப் பானையை அடுப்பில் வைத்திருந்தேன். சாரத்தை உருவுவதற்கு முன் அவன் என்னை மேலே ஏற்றிக் காட்டினான். வெளிச்சுவர் மூலை பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. பானையின் ஆவி அங்கே போய்ப்பட்டு, பளபளத்த எண்ணெய்ப் பெயின்டில் குறுகுறுவென்று முத்துக் கட்டியது. ஒரு துளி பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனத்து, சீலிங்கைப் பிடித்தபடியே விளக்கு வரைக்கும் ஊர்ந்து வந்து, என் கையில் விழுந்தது. துவாரம் திறந்திருந்தால் இந்த ஆவி வெளியே போயிருக்கும் என்றான். கையைப் பார்த்தேன். லேசான மஞ்சள். சீலிங்கில் படிந்த என் கறியின் மஞ்சள்.

அது என் தண்ணீர்தான் அக்கா. உங்கள் தரையைக் கிளப்பவைத்தது என் புட்டுப் பானை.

பின்னேரம் முழுவதும் ஒரே யோசனை. அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை? என்னை வெட்கப்பட வைக்கக்கூடாது என்றா? அல்லது, இவள் கிடந்து உழலட்டும் என்றா? பாருங்கள், இப்போதும் என் புத்தி எங்கே போகிறது என்று. ஆனால் நீங்கள் சொல்லித்தான் இருக்கிறீர்கள். குளிரும் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, என் மனம் நோகாமல் சொல்லியிருக்கிறீர்கள். கேட்கத்தான் எனக்குக் காதில்லை.

சாரத்தைத் தோய்த்து மடித்து வைக்கப் போகிறேன். துவாரம் திறந்தே இருக்கிறது. சீலிங் காய்ந்திருக்கிறது.

எடுத்துவிட்டேன் அக்கா. குளிருகிறது.