ஒன்பதில் நான்காவது

02.06.1999, புதன்
ஈமெயில் மறுபடியும் நின்றுவிட்டது. ஒன்பது கடிதங்கள் இருப்பதாகக் காட்டுகிறது. மூன்று இறங்குகின்றன, நான்காவதில் திரை உறைந்துவிடுகிறது. மவுஸ்கூட அசைவதில்லை. நிறுத்திப் போட்டால் மீண்டும் முதலிலிருந்து.

கடைக்கு ஒரே ஈமெயில் முகவரி. ஊராருக்கு வருவதை அச்செடுத்துக் கொடுப்பது என் வேலை. றஹீமா மாமி இன்றும் வந்தார். கட்டாரிலிருக்கும் மகன் மசூர் வெள்ளிதோறும் எழுதுவான். போன வெள்ளி எழுதவில்லை.

03.06
புரோகிராமை அழித்துப் புதிதாகப் போட்டேன். பதினொரு தரம் டயல் செய்தேன். நான்காவதிலேயே நிற்கிறது. "அதுவும் நம்மட ஊர்க் கரண்டப் பாத்துப் பழகிட்டு" என்றார் முதலாளி மக்கீன் காக்கா.

05.06, சனி
கொழும்பில் ஈமெயில் இணைப்புத் தருகிறவர்களுக்கு எடுத்துக் கேட்டேன். நான்காவது கடிதத்தில் பெரிய படம் இருக்கிறதாம், எங்கள் லைன் தாங்காதாம். அனுப்பியது ஏதோ கம்பனி. சொன்னால் அங்கிருந்தே அழித்துவிடுவார்களாம், பின்னாலுள்ள ஐந்தும் வந்துவிடும்.

மாமி பக்கத்தில் இருந்தார். "ஆர்ட படம் மகள்?"

"தெரியா மாமி. விளம்பரமா இரிக்கும்."

"அப்ப தள்ளி உடுங்களன். பின்னால என்ட புள்ளட கடிதம் நிக்கும்."

அழிக்கச் சொன்னேன்.

06.06
ஐந்தும் வந்தன. ஒன்று மசூரின் அறைத்தோழன் றஸாக் எழுதியது.

மே 27 வியாழன் மசூர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து மௌத்தாகிவிட்டான். சனிக்கிழமை அங்கேயே அடக்கம். கடைக்கு ஆறு தரம் போன் எடுத்தும் லைன் கிடைக்கவில்லையாம். கிடைக்காதுதான், ஈமெயில் இறக்க அதே லைனில் நான் இருந்தேன்.

"உம்மா ஒருதரம் முகம் பார்க்கட்டும் என்று கம்பனி ஒபிஸிலிருந்து படம் அனுப்பினோம். மையித்தின் படத்தை வைத்திருப்பது சரியில்லை, இங்கே அழித்துவிட்டோம். உம்மா பார்த்ததும் நீங்களும் அழித்துவிடுங்கள்."

நாவல்களில் சாவுச் செய்தி கொண்டுபோகிறவர்களைப் பற்றி எவ்வளவு வாசித்திருக்கிறேன். அதற்கு முன் அவர்கள் எப்படிச் சோறு தின்றார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை.

07.06
மக்கீன் காக்காவுடன் மாமி வீட்டுக்குப் போனேன். அவர் கடிதத்தை வாசித்தார். படத்தைப் பற்றிய வரியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன், அதையும் வாசித்தார்.

மாமி என் பக்கம் திரும்பினார். "படம் வந்திச்சா மகள்?"

உங்கட வாயாலதான் தள்ளச் சொன்னீங்க என்று எப்படிச் சொல்வேன்? நான் சொன்னது: "வந்திச்சி மாமி. ஒரு நிமிசம் தெரிஞ்சிச்சி. அதோட மிசின் நிண்டுட்டு. பிறகு அது இல்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"ஓம்."

"முகத்துல அடி?"

"இல்ல மாமி. தூங்கிற மாதிரி."

மக்கீன் காக்கா என்னைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்தார்.

மசூரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

11.06
ஈமெயில் ஒழுங்காக வேலை செய்கிறது.

19.06, சனி
மாமி தன் தங்கை ஸுல்பிகாவைக் கடைக்குக் கூட்டி வந்தார். "இவவுக்கும் அந்தப் படத்தச் சொல்லுங்க மகள்."

சொன்னேன். கேட்காததையும் சொன்னேன்: உடம்பைச் சுற்றிய வெள்ளைப் பிடவை, ஒதுக்கிவிட்ட தாடி.

"அவனுக்கெங்க தாடி?" என்றார் ஸுல்பிகா. "போகக்குள்ள மீசையே ஒழுங்கா இல்லையே."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க போய் முளைச்சிரிக்கும்" என்றார் மாமி. "நீங்க சொல்லுங்க மகள்."